வக்கீலுக்குப் படித்தவர் எம்.எல்.ஏ. ஆனால்

கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறானாம், என் கையில் இருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், எம்.எல்.ஏ. ஆகணும்னா வக்கீலுக்குப் படிச்சது உதவுமா?" உதவும், ஆனால் நீ நினைக்கிற இடத்தில் இல்லை என்றேன். அவன் நினைத்தது மேடைப் பேச்சை. கன்னியக்கோயிலில் ஆரம்பித்த பேச்சு, கடலூர் சாலையில் கோர்ட் வாசலில் நான் இறங்குகிற வரைக்கும் போய் பாதியிலேயே நின்றது. மீதியை அவனுக்காகவும் அவனைப் போல யோசிக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். எனக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. நான் ஜூனியராக இருந்த சீனியர் ஒருமுறை எம்.எல்.ஏ. ஆனவர், அந்த ஐந்து வருடமும் நான் அவர் ஆபீசில்தான் இருந்தேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். எம்.எல்.ஏ. ஆக எந்தப் படிப்பும் வேண்டாம். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது முடிந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், சட்டம் சொல்கிற தகுதியிழப்பு எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. பதிவான செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். தமிழ்நாட்டில் 234 தொகுதி. புதுச்சேரியில் 30 தொகுதி: புதுச்சேரிப் பகுதியில் 23, காரைக்காலில் 5, மாஹேயில் 1, ஏனாமில் 1. இதற்கு மேல் மத்திய அரசு 3 பேரை நியமிக்கலாம், அந்த மூன்று பேர் விவகாரம் பின்னால் வருகிறது.

படிப்பு தேவையில்லை என்றால் இத்தனை வக்கீல்கள் எப்படி வந்தார்கள்? எங்கள் கடலூரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1920-இல் நீதிக்கட்சி ஜெயித்தபோது சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரானவர் அ. சுப்பராயலு ரெட்டியார், கடலூரில் வக்கீல் தொழில் பார்த்தவர், தென்னார்க்காடு ஜில்லா போர்டு தலைவராக இருந்தவர். உடல்நலம் கெட்டு 1921-இலேயே விலகிவிட்டார், அதனால் ஊரிலேயே பல பேருக்கு அவரைத் தெரியாது, எனக்கு அதில் வருத்தம்தான். அவருக்குப் பிறகு சேலத்து வக்கீல் ராஜாஜி, கோயம்புத்தூரில் வக்கீலாக இருந்த சி. சுப்பிரமணியம், தொழிலாளர் வழக்குகளில் பேர் வாங்கிய ஆர். வெங்கட்ராமன் என்று வரிசை நீளும். புதுச்சேரி முதலமைச்சர்களில் நாராயணசாமி வக்கீல், ரங்கசாமி சட்டம் படித்தவர். வெவ்வேறு கட்சி, வெவ்வேறு குணம், படிப்பு ஒன்று.

பேச்சுத் திறமைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தெரிகிறது. அந்தக் காலத்தில் ஒரு மனுஷன் வேலைக்குப் போகாமல் நான்கு நாள் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தால், சம்பளக்காரனாக இருந்தால் வேலை போகும், கூலிக்காரனாக இருந்தால் அடுப்பு எரியாது. வக்கீல் வாய்தா வாங்கிவிட்டுப் போகலாம். அரசாங்கம் எழுதுகிற பாஷை அவருக்குப் புரியும், தாசில்தாரிடமும் கலெக்டரிடமும் நின்று பேசிப் பழக்கம் இருக்கும், சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் நிலத் தகராறு என்று வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டு கேட்கப் போகும் முன்பே பாதித் தொகுதிக்கு முகம் தெரிந்திருக்கும். இந்தக் காரணம் இன்றைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

சரி, இப்போது ஒருவர் இந்த வழியில் எப்படிப் போகிறார் என்று பார்க்கலாம். பிளஸ் டூ முடித்து ஐந்து வருடப் படிப்பு, அல்லது ஒரு டிகிரி முடித்துவிட்டு மூன்று வருடப் படிப்பு. அப்புறம் பார் கவுன்சிலில் பதிவு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒரே பார் கவுன்சில்தான், உயர் நீதிமன்றமும் ஒன்றுதான், சென்னை. அதோடு அகில இந்திய பார் தேர்வு ஒன்று எழுதிப் பாஸ் பண்ண வேண்டும். பிறகு ஒரு சீனியரிடம் சேர வேண்டும். கேஸ் கட்டு தூக்குவது, வாய்தா தேதி குறிப்பது, நகல் மனு போடுவது, சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கும்போது எழுந்து நின்று "பாஸ் ஓவர்", அதாவது வழக்கைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிடுங்கள் என்று கேட்பது, மூன்று நான்கு வருடம் இப்படியே போகும், கையில் காசு இருக்காது. வீட்டில் கேட்பார்கள். பல பேர் இங்கேயே விலகிவிடுகிறார்கள்.

அரசியல் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. எல்லாக் கட்சியிலும் வழக்கறிஞர் அணி உண்டு. சாலை மறியலில் இருநூறு பேரைக் கைது பண்ணிக் கல்யாண மண்டபத்தில் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் சாயங்காலம் விட்டுவிடுவார்கள், ஆனால் நான்கு பேர் மேல் மட்டும் தனியாக வழக்குப் போட்டு ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் ராத்திரி பதினோரு மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் நிற்க ஒரு ஆள் வேண்டும். அப்படி நிற்கிற ஜூனியரைக் கட்சி மறக்காது. ஜாமீன் எடுத்துக் கொடுத்த வக்கீலைக் கிளைச் செயலாளர் வாழ்நாள் முழுக்க "நம்ம வக்கீலு" என்றுதான் சொல்வார்.

வேட்புமனு நாள்தான் வழக்கறிஞர் அணிக்குப் பரீட்சை நாள். இதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மதியம் 3 மணியோடு மனு வாங்குவது முடிந்துவிடும். 2.20-க்கு வேட்பாளர் மாலையும் கூட்டமுமாக வந்து சேர்கிறார், உள்ளே வேட்பாளரோடு நான்கு பேருக்குத்தான் அனுமதி. படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு, மனைவி பேரில் இருக்கிற நகை எல்லாவற்றையும் எழுத வேண்டும். எங்கள் வேட்பாளர் கடன் என்ற கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டிருந்தார், கடன் இல்லை, அதனால் எழுதவில்லை என்றார். 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டது: வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை, கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது, தேர்தல் அதிகாரி நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவையே தள்ளலாம். ஒன்றுமில்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். அந்த ஒரு வார்த்தையைப் பேனாவால் எழுதி, நோட்டரியிடம் ஓடி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கித் திரும்பியபோது மணி 2.50. அன்றைக்கு என் சட்டை நனைந்தது வெயிலால் இல்லை.

அடுத்த படி வழக்கமாக உள்ளாட்சி. தமிழ்நாட்டில் ஒன்றியக் கவுன்சிலர், நகராட்சிக் கவுன்சிலர் என்று ஒரு ஏணி இருக்கிறது, அதில் ஏறிப் பழகியவர்கள் எம்.எல்.ஏ. சீட்டு கேட்பார்கள். பாலம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால் அந்த ஏணி இல்லை. அங்கே நகராட்சிகளும், கிராமங்களுக்கான கொம்யூன் பஞ்சாயத்துகளும் உண்டு, ஆனால் 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006-இல் தேர்தல் நடந்தது, அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பிறகு மறுபடியும் வருடக் கணக்கில் நடக்கவில்லை. அதனால் கவுன்சிலர் பார்க்க வேண்டிய சாக்கடை அடைப்பும் தெருவிளக்கும் நேரே எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்கு வந்துவிடும். தொகுதியும் சின்னது, எம்.எல்.ஏ.வைப் பைக்கில் போகும்போதே நிறுத்திக் கேட்கலாம். இது நல்லது என்று சிலர் சொல்வார்கள். சட்டம் இயற்ற அனுப்பியவரைத் தெருவிளக்குக்காக ஓட விட்டுவிட்டு, சட்டசபையில் என்ன பண்ணினார் என்று யாரும் கேட்காமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஜெயித்துவிட்டார், பதவிப் பிரமாணம் எடுத்துவிட்டார். உள்ளே அவருடைய சட்டப் படிப்பு எங்கே வேலை செய்கிறது?

சட்டமன்றத்தில் ஒரு சட்டம் வரும்போது அதற்குச் சட்ட முன்வடிவு என்று பெயர், எல்லாரும் மசோதா என்போம். அறிமுகம் செய்வார்கள், பிறகு ஆய்வுக்கு எடுப்பார்கள், பிரிவு பிரிவாக ஓட்டுக்கு விடுவார்கள், கடைசியில் மொத்தமாக நிறைவேற்றுவார்கள். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பு, ஆதரிக்கிறவர்கள் "ஆம்", எதிர்க்கிறவர்கள் "இல்லை". கூட்டத்தொடர் முடிகிற நேரத்தில் ஒரே நாளில் பல மசோதா இந்த மாதிரி ஓடிவிடும். அந்த நேரத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிற ஆள் வேண்டும். படிக்கிற ஆள் எதைப் படிப்பார்? பெரிய வார்த்தைகளை அல்ல, சின்ன வார்த்தைகளை.

என் சீனியர் மசோதாவைப் பென்சிலோடுதான் படிப்பார். "மனு கிடைத்த 30 நாட்களுக்குள் அதிகாரி ஆணை பிறப்பிக்கலாம்" என்று இருந்தால் அந்த "லாம்" மேல் ஒரு வட்டம் போடுவார். "பிறப்பிக்க வேண்டும்" என்றால் அதிகாரிக்குக் கடமை, மனு போட்டவருக்கு உரிமை. "பிறப்பிக்கலாம்" என்றால் அதிகாரி இஷ்டம், மனு போட்டவர் நடையாக நடக்க வேண்டியதுதான். "வேண்டும்" என்றே இருந்தாலும் அவர் விடமாட்டார், 30 நாளில் பிறப்பிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார், எழுதாவிட்டால் அங்கேயும் ஒரு வட்டம். அப்புறம் "இதன் பொருட்டு அரசு விதிகள் வகுக்கலாம்" என்று ஒரு பிரிவு கட்டாயம் இருக்கும். சட்டத்தில் எலும்பு, விதிகளில் சதை. கட்டணம் எவ்வளவு, எந்தப் படிவம், எந்த அதிகாரி எல்லாம் விதியில்தான் வரும், அதைத் துறைதான் எழுதும், அவையில் வெறும் தாளாக வைப்பார்கள். அந்தத் தாளை எடுத்துப் பார்க்கிற உறுப்பினர் எத்தனை பேர்?

சின்ன வார்த்தை எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு வழக்கு இருக்கிறது, சட்டம் படிக்கிற எல்லாரும் ஒரு கட்டத்தில் படிப்பார்கள்: பி. ஷாமா ராவ் எதிர் பாண்டிச்சேரி யூனியன் பிரதேசம், 1967. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-இல் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது, 1963-இல் சட்டமன்றம் வந்தது. அவையே புதுசு. 1965-இல் அது விற்பனை வரிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சொந்தமாக எழுதாமல், சென்னை மாநிலத்தின் 1959 விற்பனை வரிச் சட்டத்தையே இங்கேயும் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதினார்கள். அதில் ஒரு தவறும் இல்லை, பக்கத்து வீட்டில் நல்ல மாவு இருந்தால் கடன் வாங்கித் தோசை சுடலாம். ஆனால் எழுதிய விதம் இது: இந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன்பு சென்னையில் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் அது இங்கே பொருந்தும். நடைமுறைக்கு எப்போது வரும்? அரசு அறிவிக்கிற தேதியில்.

அரசு அறிவித்த தேதி 1966 ஏப்ரல் 1. நடுவில் என்ன ஆனது என்றால், சென்னை சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. அதாவது 1965-இல் புதுச்சேரி உறுப்பினர்கள் "ஆம்" சொன்னபோது அவர்கள் முன்னால் இருந்த சட்டம் வேறு, 1966-இல் ஊருக்கு வந்து சேர்ந்த சட்டம் வேறு. நடுவில் மாற்றியவர்கள் புதுச்சேரி மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் சொன்னார்கள்: சட்டம் இயற்றுகிற பொறுப்பை இந்த அவை இன்னொரு அவையிடம் தூக்கிக் கொடுத்துவிட்டது, அதனால் சட்டம் செல்லாது. வழக்கு நடக்கும்போதே அவசரமாக ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து பார்த்தார்கள், அதுவும் நிற்கவில்லை, பிறக்கும்போதே உயிர் இல்லாததற்கு வைத்தியம் பார்க்க முடியாது என்றாகிவிட்டது. 1967-இல் புதிதாக ஒரு விற்பனை வரிச் சட்டம் எழுத வேண்டி வந்தது.

நான் இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் அந்த அவையை நினைத்துப் பார்க்கிறேன். "நடைமுறைக்கு வருவதற்கு முன்பு" என்பதற்குப் பதில் ஒரு தேதியைப் போடுங்கள், இன்றைய தேதியைப் போடுங்கள் என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால் போதும், ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் சட்டம் படித்தவர் அவையில் வேண்டும் என்பது என் வாதம். இங்கே படிப்பு என்று நான் சொல்வது பட்டத்தை அல்ல, படிக்கிற பழக்கத்தை. விவசாயி ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து படித்தாலும் இதைக் கண்டுபிடிப்பார். வக்கீலுக்கு இது தினசரிப் பிழைப்பு, ஒரு கமா மாறினால் வழக்குக் கொடுத்தவர் நிலம் போய்விடும் என்ற பயத்தோடு படித்துப் பழகியவர், அதனால் கண் தானாகப் போகும்.

புதுச்சேரியில் அந்தக் கண் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். மாநில சட்டமன்றத்துக்கு இருக்கிற சுதந்திரம் அங்கே இல்லை. 1963-ஆம் வருட யூனியன் பிரதேச அரசுச் சட்டப்படிதான் அந்த அவை நடக்கிறது. பட்ஜெட்டை அவையில் வைக்கும் முன்பே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அதனால் அது டெல்லிக்குப் போய்த்தான் வரும். மசோதா நிறைவேறினால் துணைநிலை ஆளுநரிடம் போகும், அவர் கையெழுத்துப் போடலாம், குடியரசுத் தலைவருக்கென்று ஒதுக்கியும் வைக்கலாம். நாடாளுமன்றம் நினைத்தால் மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயத்திலும் புதுச்சேரிக்குச் சட்டம் போடலாம். இதோடு பிரெஞ்சுக் காலத்து மிச்சம் வேறு: 1881-இல் வந்த ஆணைப்படி தங்கள் சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கு வந்தால் பழைய பிரெஞ்சுப் பத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கடலூரில் பழகிய எனக்கே அங்கே போனால் முதல் இரண்டு மணி நேரம் தலை சுற்றும்.

மசோதா தவிர மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேள்வி நேரம் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். கவன ஈர்ப்பு என்பது அவசரமான ஒரு பிரச்சினைக்கு அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பது. மானியக் கோரிக்கை என்றால் ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு பணம் கொடுங்கள் என்று அரசு கேட்பது, அதில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுப்பது எதிர்ப்பைப் பதிவு செய்கிற ஒரு முறை. டிவியில் வராத இடம் குழுக்கள்: பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு, உரிமைக் குழு, உறுதிமொழிக் குழு. அமைச்சர் அவையில் "ஆவன செய்யப்படும்" என்று சொல்லிவிட்டுப் போனால், செய்தாரா என்று பின்னால் துரத்துவது உறுதிமொழிக் குழு. வக்கீல் எம்.எல்.ஏ.க்களுக்கு இந்தக் குழு அறைகள் ரொம்பப் பொருந்தும், எதிரே அதிகாரி, கையில் கோப்பு, குறுக்கு விசாரணை மாதிரி.

ஆனால் ஒரு பெரிய தடை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நான் பாதிதான் சொன்னதாகும். கொறடா, எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சி உத்தரவை உறுப்பினர்களுக்குச் சொல்கிறவர். கட்சி ஒரு பக்கம் ஓட்டுப் போடச் சொன்னால் அந்தப் பக்கம்தான் போட வேண்டும். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, அரசியல் சட்டத்தில் அது பத்தாவது அட்டவணை, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் போடாமல் இருந்தாலும் பதவி போகலாம், கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் பிழைக்கலாம். முடிவு சொல்கிறவர் சபாநாயகர், அவர் முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, எவ்வளவு சட்டம் தெரிந்தாலும் ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டு "இந்தப் பிரிவு தப்பு" என்று எழுந்து சொல்வது லேசில்லை. என் சீனியர் ஆளுங்கட்சி. பென்சில் வட்டம் போட்ட பிரதியை எடுத்துக்கொண்டு, அவை கூடுவதற்கு முந்தின நாள் அமைச்சர் அறைக்குப் போய்விடுவார். சில வட்டத்துக்குப் பலன் கிடைக்கும், அரசே திருத்தம் கொண்டுவரும், அவர் பேர் எங்கேயும் வராது. பல வட்டம் அப்படியே போய்விடும். தொகுதியில் யாருக்கும் இது தெரியாது. போஸ்டரில் போடவும் முடியாது.

அடுத்து எல்லாரும் கேட்கிற கேள்வி: எம்.எல்.ஏ. ஆன பிறகு கோர்ட்டுக்குப் போகலாமா? போகலாம். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் பார்க்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, எம்.எல்.ஏ.வும் சம்பளம் வாங்குகிறாரே என்று ஒரு வழக்குப் போட்டார்கள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மக்கள் பிரதிநிதி யாருக்கும் ஊழியர் அல்ல, அந்த விதி அவருக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அமைச்சரானால் நிலைமை வேறு, அப்போது தொழிலை நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

சட்டம் அனுமதித்தாலும் நடைமுறையில் நிறைய முள் இருக்கிறது. கோர்ட்டில் நிலுவையில் உள்ள விஷயத்தை அவையில் எழுப்பக் கூடாது என்று விதி, எனவே தான் நடத்துகிற வழக்கைப் பற்றி அவர் அவையில் வாய் திறக்க முடியாது. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதியின் கடமை சார்ந்த நடத்தையைப் பற்றியும் அவையில் விவாதிக்கக் கூடாது, அரசியல் சட்டத்தின் 211-வது பிரிவு. மறுபக்கம், அவையில் பேசிய பேச்சுக்காக அவர் மேல் யாரும் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு பேசினாலோ ஓட்டுப் போட்டாலோ அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்த்துவிட்டது, 1998-இல் இருந்த பழைய தீர்ப்பு அதோடு போனது. நல்ல தீர்ப்பு.

விதிகளில் எழுதாத முள் ஒன்றும் உண்டு. ஒருநாள் காலையில் ஆபீஸ் திண்ணையில் ஒரு அம்மா, புடவைத் தலைப்பில் பத்திரத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் இறந்துவிட்டார், பட்டா கணவரின் தம்பி பேருக்கு மாறிவிட்டது. "ஐயா, நீங்க எம்.எல்.ஏ.வா சொன்னா தாசில்தார் மாத்திடுவாரு, வக்கீலா வந்தா கோர்ட்டுல கேஸ் போடுவீங்க. எதா வந்து நிப்பீங்க எனக்கு?" என்று கேட்டார். சீனியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கணவரின் தம்பியும் அதே தொகுதிதான், அவருக்கும் ஓட்டு உண்டு, ஒரு வாரம் முன்பு அதே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவர். கடைசியில், "எதாவும் வரக்கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு, வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு போட எத்தனை நாள் இருக்கிறது, எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கட்சிக்குச் சம்பந்தமில்லாத வேறொரு வக்கீலிடம் அனுப்பினார். அந்த அம்மா முகம் வாடிப் போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சீனியர் செய்தது சரி என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

ஜெயித்ததோடு கோர்ட் விடாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முடிவு வந்த 45 நாளுக்குள் தோற்றவரோ ஒரு வாக்காளரோ உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். ஏதாவது குற்ற வழக்கில் இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் பதவி உடனே போகும், மேல்முறையீடு போட்டிருக்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்க முன்பு வழி இருந்தது, 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை அடைத்துவிட்டது.

அப்புறம் அந்த மூன்று நியமன உறுப்பினர்கள். 2017-இல் மத்திய அரசு, புதுச்சேரி அரசைக் கேட்காமலேயே மூன்று பேரை நியமித்தது. அதை எதிர்த்து ஒரு எம்.எல்.ஏ.வே, கே. லட்சுமிநாராயணன், கோர்ட்டுக்குப் போனார். புதுச்சேரி அரசைக் கலந்து பேச வேண்டாமா, நியமித்தவர்கள் பட்ஜெட்டிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் ஓட்டுப் போடலாமா என்பதுதான் கேள்வி. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: கலந்து பேசச் சட்டத்தில் சொல்லவில்லை, ஓட்டும் போடலாம். 1963 சட்டத்தில் அந்தப் பிரிவு ஒரே வாக்கியம், மத்திய அரசு மூன்று பேருக்கு மிகாமல் நியமிக்கலாம் என்று. யாரைக் கேட்டு என்று இல்லை, அவர்கள் எதில் ஓட்டுப் போடக் கூடாது என்றும் இல்லை. எழுதாமல் விட்டது 54 வருடம் கழித்து வந்து நின்றது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு பெரும்பான்மையைக் காட்ட வேண்டி வந்தபோது இந்த மூன்று ஓட்டுதான் பெரிய சண்டை. நியமன உறுப்பினர்களையும் சேர்த்து 33 பேர் அவையில் மூன்று என்பது பதினொன்றில் ஒன்று.

என் சீனியர் இரண்டாம் முறை நின்று தோற்றார். ஓட்டு எண்ணிக்கை முடிந்து ராத்திரி வெகுநேரம் கட்சிக்காரர்களைச் சமாதானப்படுத்திவிட்டுப் படுத்தவர், மறுநாள் காலை 10.30-க்கு கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட் ஹாலில் இருந்தார். பார் பதிவு உயிரோடு இருக்கிற வரை வக்கீலுக்கு அந்த ஒரு வசதி, நேற்று வரை எம்.எல்.ஏ. என்பது அழைப்புப் பட்டியலில் இருக்காது, வழக்கு எண் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும். நடைபாதையில் வழக்குக் கொடுத்த ஒருவர், "சார், பழைய கேஸ் ஒண்ணு ஐந்து வருஷமா அப்படியே கிடக்கு" என்று கட்டை நீட்டினார். வாங்கிப் பிரித்தார், சட்டைப் பையிலிருந்து அதே பென்சிலை எடுத்தார்.